அன்னாசிக் கொண்டையும் உலக வரலாறும்

வீட்டில் அன்னாசிப் பழம் வாங்கி வந்தால் முதலில் நடைபெறுவது என்ன? அதன் தலையில் நிற்கும் இலைக் கொண்டையைத் திருகி எடுத்துக் குப்பையில் எறிகிறோம். இஞ்சி நறுக்கும்போது முளை கண்ட நுனியைக் கிள்ளி ஒதுக்குகிறோம். உருளைக்கிழங்கைச் சீவும்போது அதன் கண்களையும் தோலோடு சேர்த்துச் சீவி விடுகிறோம். புதினாக் கீரையை ஆய்ந்தபின் தண்டு எருக்குழிக்குச் செல்கிறது. பொங்கல் முடிந்த மறுநாள் கரும்பின் கணுத்துண்டுகள் தெருவெங்கும் கிடக்கின்றன.

இவ்வாறு நாம் எறியும் பொருள்களுக்குப் பொதுவான பண்பு ஒன்று உண்டு. இவை விதைகள் அல்ல. ஆயினும், ஈர மண்ணைத் தொட்டால் வேரூன்றி மீண்டும் முழுப் பயிராக வளரும் ஆற்றல் இவற்றுள் அடங்கியிருக்கிறது. அந்த ஆற்றலைப் பண்டை மனிதன் கண்டுகொண்டான். கண்டதன் பயனாக ஒரு கண்டத்தின் பயிர் கடல் கடந்து மற்றொரு கண்டத்தின் உணவாயிற்று. அதே ஆற்றலை அளவறியாது நம்பியதன் விளைவாகப் பத்து இலட்சம் மக்கள் மாண்ட கொடுமையும் நிகழ்ந்தது. வரலாறு என்பது அரண்மனையில் மட்டும் நடைபெறுவதன்று; அடுப்பங்கரையிலும் அது நடைபெறுகிறது. மாணவர்களே, அந்த அடுப்பங்கரை வரலாற்றை அன்னாசியிலிருந்து தொடங்கிக் காண்போம்.

அன்னாசி ஒரு தனிக்கனி அன்று. 100 முதல் 200 வரையிலான சிறு பூக்கள் ஒரே தண்டைச் சுற்றி நெருங்கி மலர்ந்து, பின்னர் ஒன்றோடொன்று இணைந்து பழுத்த கூட்டுக்கனி அது. பழத்தின் மேற்புறத்தில் காணப்படும் ஒவ்வொரு கட்டமும் ஒரு பூவின் அடையாளம். பூக்களைத் தாங்கிய தண்டு பழத்தின் நடுவே ஊடுருவிச் செல்கிறது. அரியும்போது கடினமான நடுத்தண்டு என்று நாம் ஒதுக்குவது இதனையே. இத்தண்டு உச்சியை அடைந்ததும் பூப்பதை நிறுத்திவிட்டு மீண்டும் இலை விடத் தொடங்குகிறது. அந்த இலைத்தொகுதியே கொண்டை. ஆகவே, கொண்டை பழத்திற்கு இயற்கை சூட்டிய வெறும் முடியன்று. தாய்ச்செடியின் வளர்முனையே பழத்தைக் கடந்து வெளியே வந்து நிற்கிறது. அதன் கீழிலைகள் சிலவற்றை உரித்துப் பாருங்கள். தண்டைச் சுற்றிச் சிறுசிறு புள்ளிகள் தென்படும். அவை வேர்களின் தொடக்கங்கள். மண்ணைக் காணுமுன்பே அக்கொண்டை வேர்விட ஆயத்தமாக இருக்கிறது.

அன்னாசிப் பழத்துள் விதையைக் காண்பது அரிது. ஓர் இனத்தின் மகரந்தம் அதே இனத்தின் பூவில் விதையை உண்டாக்குவதில்லை. வேறோர் இனத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தால் மட்டுமே சிறிய, கடினமான விதைகள் தோன்றும். அவை பழத்தின் சுவையைக் கெடுக்கும். அதனால்தான், பூவிற்குப் பூ பறந்து தேன் அருந்தும் ஹம்மிங் பறவையைத் தங்கள் தீவுகளுக்குள் கொண்டுவருதல் கூடாது என்று ஹவாய் நாட்டார் தடை விதித்தனர். விதையில்லாத பயிர் தன் குலத்தை எவ்வாறு வளர்க்கும்? கொண்டையாலும், பழக்காம்பில் தோன்றும் சிறு கன்றுகளாலும், அடித்தண்டிலிருந்து வெடிக்கும் பக்கக் கன்றுகளாலும் வளர்க்கும். அன்னாசியின் வரலாறு முழுவதும் இக்கன்றுகளின் பயண வரலாறேயாகும்.

தென் அமெரிக்கா அன்னாசியின் தாயகம். ஐரோப்பியர் அங்கே கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அம்மண்ணின் பழங்குடி மக்கள் காட்டில் விளைந்த சிறு கனிகளிலிருந்து சாறு மிகுந்தவற்றையும் விதை குறைந்தவற்றையும் தேர்ந்தெடுத்தனர். அவற்றின் கன்றுகளை நட்டுப் பெருக்கினர். படகுகளில் ஏற்றிக் கரிபியன் தீவுகள்வரை கொண்டு சென்றனர். இப்பழத்தை ஆக்கித் தந்தவர்கள் அவர்களே. பின்னர் வந்தவர்கள் அதனைப் பரப்பியவர்கள் மட்டுமே. இவ்வுண்மையை வரலாறு பயில்வோர் மறத்தல் ஆகாது.

1493-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தின்போது குவாதலூப் தீவில் இப்பழத்தைக் கண்டார். ஸ்பெயின் மன்னர் பெர்டினாண்டுக்கென்று அனுப்பப்பட்ட பழங்கள் நெடிய கடற்பயணத்தில் அழுகிப் போயின. கெடாமல் எஞ்சிய ஒரு பழத்தை உண்டு மன்னர் அதன் சுவையை மிகப் பாராட்டினார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் பீட்டர் மார்ட்டர் எழுதியிருக்கிறார். பழம் கடலைக் கடக்கவில்லை. ஆனால் கன்று கடந்தது. அன்னாசிச் செடி பகற்பொழுதில் இலையின் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் மட்டும் அவற்றைத் திறந்து காற்றை உட்கொள்ளும் இயல்புடையது. அதனால் அதன் உடலிலுள்ள நீர் எளிதில் வற்றுவதில்லை. வேரின்றி, நீரின்றிப் பல நாட்கள் கிடந்தாலும் கொண்டையும் கன்றும் உயிர் தாங்கி நிற்கும். பாய்மரக் கப்பலில் ஏறிப் பயணம் செய்வதற்கு இதனினும் ஏற்ற செடி வேறெது?

பெயர்களும் இப்பயணத்திற்குச் சான்று பகர்கின்றன. பழங்குடி மக்களின் மொழியில் நநா என்னும் சொல் சிறந்த கனி என்று பொருள்படும். அதிலிருந்து போர்த்துக்கீசியர் அனனாஸ் என்று வழங்கினர். அவர்கள் வாயிலாக வந்த அச்சொல்லே நம் மொழியில் அன்னாசி ஆயிற்று. நாம் நாள்தோறும் வழங்கும் ஒரு தமிழ்ச் சொல்லின் வேர் பிரேசில் நாட்டுக் காட்டில் இருக்கிறது என்பது வியப்பன்றோ? பழைய அகராதிகளில் பறங்கித்தாழை என்னும் பெயரும் இதற்கு உண்டு. இலையைக் கண்டு தாழை என்றனர். கொணர்ந்தவரைக் கண்டு பறங்கி என்றனர். மலையாள நாட்டார் தாழையையும் பலாவையும் இணைத்துக் கைதச்சக்கை என்று பெயரிட்டனர்.

போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் நம் மேற்குக் கடற்கரைக்கு அன்னாசியைக் கொணர்ந்தனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அது வட இந்தியாவிலும் புகழ் பெற்றுவிட்டது. அக்பரின் அவையில் விளங்கிய அபுல் பசல் தமது அயினி அக்பரி என்னும் நூலில் இதற்குப் பயணப் பலா என்று பொருள்படும் பெயர் வழங்கியதைக் குறிப்பிடுகிறார். இளஞ்செடியை ஒரு பாண்டத்தில் வைத்துக்கொண்டு பயணம் புறப்பட்டால், செல்லும் வழியிலேயே அது பழம் தரும் என்பது அவர் கூறும் காரணம். மலையாளிகளுக்கும் மொகலாயர்களுக்கும் தனித்தனியே பலாவின் நினைவு தோன்றியிருப்பது நயமானது. மொகலாயர் இட்ட பெயரிலோ செடியின் வரலாறே சுருங்கி அடங்கியிருக்கிறது. அக்பரின் மைந்தர் ஜஹாங்கீர் தம் குறிப்புகளில், ஐரோப்பியரின் துறைமுகங்கள் வழியாக வந்த இப்பழம் ஆக்ராவின் குல் அப்ஷான் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் விளைந்ததாக எழுதியுள்ளார்.

வெப்ப நாடுகளில் இவ்வாறு எளிதாகப் பரவிய செடி, குளிர் நாடுகளில் பெரும் தொல்லை கொடுத்தது. ஹாலந்து நாட்டில் ஆக்னஸ் பிளாக் என்னும் அம்மையார் 1687-ஆம் ஆண்டில் தம் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் அன்னாசியைக் காய்க்கச் செய்தார். இங்கிலாந்தில் ரிச்மண்ட் என்னுமிடத்தில் மாத்யூ டெக்கர் என்னும் செல்வரின் தோட்டக்காரர் ஹென்றி டெலண்டி இதில் வெற்றி கண்டார். டெக்கர் பெருமகிழ்ச்சி கொண்டு, 1720-இல் தம் தோட்டத்து அன்னாசியை ஓவியமாக எழுதச் செய்தார். மனிதரின் உருவத்தை எழுதுவதுபோல ஒரு பழத்தின் உருவத்தை எழுதுவித்தார் என்றால், அதன் மதிப்பை நீங்களே உணரலாம். விருந்துகளில் அன்னாசியை வாடகைக்கு வாங்கி மேசைமீது அழகுக்கு வைத்து, உண்ணாமலே திருப்பி அனுப்பியவர்களும் அந்நாளில் இருந்தனர்.

குளிர் நாட்டில் அச்செடிக்கு வெப்பம் எங்கிருந்து கிடைத்தது? இங்கும் கழிவுப் பொருளே கை கொடுத்தது. தோல் பதனிடுவோர் பயன்படுத்தியபின் எறிந்துவிடும் கருவாலி மரப்பட்டையைத் தோட்டக்காரர் குழியில் நிரப்பினர். அப்பட்டை மெல்லப் புளித்து மாதக் கணக்கில் ஒரே அளவான சூட்டைத் தந்தது. அச்சூட்டில் தொட்டிகளைப் புதைத்து வைத்தனர். தோல் பட்டறையின் குப்பைதான் பிரபுக்களின் பெருமைமிக்க கனியைப் பழுக்க வைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரலாறு வேறு திசையில் திரும்பியது. 1819-ஆம் ஆண்டளவில் பெரோட்டே என்னும் தாவர நூலார், தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவிலிருந்து முள்ளற்ற இலையும் பெரிய கனியும் உடைய ஓர் அன்னாசி இனத்தின் செடிகள் ஐந்தைப் பிரான்சு நாட்டிற்கு அனுப்பினார். அவ்வினமும் பழங்குடியினர் பேணி வளர்த்ததே. கயானாவின் தலைநகர்ப் பெயரால் அதனைக் கயேன் இனம் என்றனர். வெர்சேல்ஸ் தோட்டத்திலிருந்து இங்கிலாந்துக்கும், அங்கிருந்து ஜமெய்க்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும், பின்னர் ஹவாய்த் தீவுகளுக்கும் அதன் கன்றுகள் சென்றன. இந்தியாவில் அவ்வினத்தைக் கியூ என்கிறோம். இலண்டனுக்கு அருகிலுள்ள கியூத் தோட்டத்தின் பெயர் அது. பெரோட்டேயின் வாழ்வும் நம் நாட்டோடு இணைந்தது. அவர் பின்னர்ப் புதுச்சேரிக்கு வந்து, அங்குள்ள தாவரவியல் தோட்டத்தைப் பேணினார். நீலகிரி மலைகளின் செடிகொடிகளைத் தொகுத்தார். 1870-இல் புதுச்சேரியிலேயே உயிர் நீத்தார்.

ஹவாயில் ஜேம்ஸ் டோல் என்பவர் 1901-ஆம் ஆண்டில் அன்னாசி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1922-இல் லானாய் என்னும் தீவையே ஏறத்தாழ முழுவதும் விலைக்கு வாங்கி அன்னாசித் தோட்டமாக்கினார். மன்னர்கள் மட்டும் உண்ட பழம் தகரக் குவளையில் அடைபட்டு எளிய மக்களின் வீடுகளுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டில் உலகில் விளைந்த அன்னாசியில் பெரும்பகுதி இக்கயேன் இனத்தைச் சேர்ந்தது.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கொண்டையிலிருந்து வளரும் செடி தாயின் குழந்தையன்று, தாயேதான் அது. விதையில் தந்தையின் இயல்பும் தாயின் இயல்பும் கலக்கின்றன. அதனால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்போல ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்ட செடிகள் தோன்றும். கொண்டையிலோ கணுவிலோ கிழங்கிலோ அத்தகைய கலப்பு இல்லை. தாயின் சுவை அப்படியே வரும். தாயின் வலிமை வரும். தாயின் குறையும் வரும். ஹவாய்த் தோட்டங்களில் மாவுப்பூச்சியால் பரவும் வாடல் நோய் புகுந்தபோது, ஒரே உடலின் படிகளாக நின்ற செடிகள் பரந்த நிலங்களில் வாடின. நோயுற்ற செடியின் கன்றைப் பெயர்த்து நட்டவர்கள் நோயையும் சேர்த்தே நட்டனர்.

அன்னாசியால் நேர்ந்தது பொருள் இழப்பு. உருளைக்கிழங்கால் நேர்ந்ததோ உயிரிழப்பு. அதனையும் சிறிது காண்போம்.

உருளைக்கிழங்கும் தென் அமெரிக்காவின் கொடையே. ஆண்டிஸ் மலைகளின் உழவர் ஆயிரக்கணக்கான இனங்களை வளர்த்தனர். ஒரே சிறு வயலில் பல நிறமும் பல வடிவமும் உடைய கிழங்குகளைக் கலந்து நடுவது அவர்கள் வழக்கம். பனி ஒன்றைக் கெடுத்தால் மற்றொன்று தாங்கும். நோய் ஒன்றை அழித்தால் மற்றொன்று எஞ்சும். ஆனால் ஐரோப்பாவிற்கு வந்து சேர்ந்தவை சில இனங்களே. அயர்லாந்தில் நிலமற்ற ஏழை மக்களிற் பலர் லம்பர் என்னும் ஓரினத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர். கிழங்கைக் கண்ணோடு துண்டுகளாக அரிந்து நட்டனர். மோசமான நிலத்திலும் அது மிகுதியாக விளைந்தது. நாடெங்கும் நின்ற லம்பர்ச் செடிகள் யாவும் ஒன்றன் படிகளே.

1845-ஆம் ஆண்டில் இலைகளைக் கருக்கிக் கிழங்கை அழுகச் செய்யும் பூஞ்சை போன்ற ஒரு நோய் அமெரிக்கப் பகுதியிலிருந்து ஐரோப்பா வந்தடைந்தது. அயர்லாந்தின் ஈரக் காற்றில் அது காட்டுத்தீப் போலப் பரவியது. ஒரு செடியை வீழ்த்திய நோய்க்கு மற்றச் செடிகளை வீழ்த்துவது அரிதாகவில்லை. மறு ஆண்டில் நோய் மேலும் கடுமையாயிற்று. 1847-இல் நோய் சற்றுத் தணிந்தது. ஆயினும் விளைச்சல் மிகக் குறைவு. ஏன்? பசியால் வாடிய மக்கள் விதைக்கிழங்கையும் உண்டுவிட்டனர். நடுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. 1852-க்குள் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் பசியாலும் அதைத் தொடர்ந்த காய்ச்சலாலும் மாண்டனர். 10 இலட்சத்திற்கு மேற்பட்டோர் கப்பலேறி வெளிநாடு சென்றனர். 1841-இல் 80 இலட்சத்திற்கு மேலிருந்த மக்கள் தொகை, 1851-இல் 65 இலட்சமளவிற்கு வீழ்ந்தது.

இக்கொடுமைக்குக் கிழங்கை மட்டும் குற்றம் கூறுதல் நேர்மையாகாது. அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. குத்தகை செலுத்த இயலாத குடிகளை நிலவுடைமையாளர் வெளியேற்றினர். அரசின் உதவி குறைவாகவும் காலம் கடந்தும் வந்தது. நோய் பயிரை அழித்தது. மக்களை அழித்ததில் மனிதரின் ஆட்சிக்கும் பங்குண்டு. ஒரு பஞ்சத்தின் காரணங்களை ஆராயும்போது இயற்கையையும் அரசையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

எறியும் துண்டின் அருமையையும் பல இனங்களைக் காப்பதன் அருமையையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி இரண்டாம் உலகப் போரில் நடைபெற்றது. 1941-ஆம் ஆண்டு செப்டம்பரில் செருமானியப் படை லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டது. 1944 ஜனவரிவரை அம்முற்றுகை நீடித்தது. இலட்சக்கணக்கானோர் பசியால் மடிந்தனர். பூங்காக்களும் பொதுவிடங்களும் காய்கறிப் பாத்திகளாயின. புகழ்பெற்ற புனித ஐசக் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் முட்டைக்கோசு பயிரிட்டனர். சோவியத் நாடெங்கும், உண்பதற்கு எடுத்த உருளைக்கிழங்கின் கண்கள் மிகுந்த நுனிப்பகுதியை மட்டும் அரிந்து, நடுவதற்கெனச் சேர்த்து வைக்கும் இயக்கம் நடந்தது. கிழங்கு வயிற்றிற்கு, நுனி வயலிற்கு. அடுப்பங்கரைக் கழிவு ஒரு நாட்டின் விதையாயிற்று.

அதே லெனின்கிராடில் நிக்கோலாய் வவிலோவ் என்னும் பேரறிஞர் உருவாக்கிய பயிர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. உலகின் பல பகுதிகளுக்கும் சென்று அவரும் அவர்தம் குழுவினரும் சேர்த்த விதைகளும் கிழங்குகளும் அங்கே காக்கப்பட்டன. நகருக்கு வெளியே பாவ்லவ்ஸ்க் என்னுமிடத்தின் வயல்களில் இருந்த அரிய உருளைக்கிழங்கு இனங்களைக் குண்டுமாரிக்கிடையே தோண்டி எடுத்து நகருக்குள் கொணர்ந்தவர்கள் ஆப்ரகாம் கமெராஸ், ஓல்கா வொஸ்கிரெசென்ஸ்கயா என்னும் இருவர். குளிரில் அவை உறைந்து கெடாதபடி, கிடைத்த விறகையெல்லாம் எரித்துக் காத்தனர். நெல் விதைகளின் காப்பாளரான திமித்ரி இவானோவ் பசியால் உயிர் துறந்தார். அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் இருந்தன. அவர் ஒன்றையும் பிரிக்கவில்லை. வேறு சிலரும் அவ்வாறே மாண்டனர்.

வவிலோவின் முடிவு இன்னும் துயரமானது. பாரம்பரியம் பற்றிய அறிவியலை மறுத்த லைசென்கோ என்பவருக்கு அரசின் ஆதரவு இருந்தது. அவரை எதிர்த்து நின்ற வவிலோவ் 1940-இல் சிறைப்பட்டார். உலகின் பசியைப் போக்கப் பயிர்களைத் தேடித் திரிந்த அவர், 1943 ஜனவரியில் சராத்தோவ் சிறையில் உணவின்றி வாடி இறந்தார். கிழங்கு நுனிகளைச் சேர்க்கும் இயக்கத்தை முன்னின்று நடத்திப் பரிசு பெற்றவர் அதே லைசென்கோதான். நுனியைக் காக்க அறிந்த ஒரு நாடு, பல இனங்கள் ஏன் வேண்டும் என்று அறிந்திருந்தவரைக் காக்கத் தவறியது. ஒரே பயிரை நாடெங்கும் நடுவது எத்துணைத் தீங்கோ, ஒரே கருத்தை நாடெங்கும் நடுவதும் அத்துணைத் தீங்கே.

அவ்வாறாயின் துண்டு நடுவதைக் கைவிட வேண்டுமோ? வேண்டுவதில்லை. துண்டும் விதையும் தத்தம் பணியைச் செய்தால் போதும். இதற்கு நம் கோயம்புத்தூரே சான்று. கரும்பைக் கரணைகளாக வெட்டி நடுவது நம் முன்னோர் வழக்கம். கரும்பு பூத்து விதை கொள்வது பல இடங்களில் அரிது. கோயம்புத்தூர்ப் பகுதியில் அது நன்கு பூக்கிறது. அதனால் 1912-இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பெற்றது. பார்பர் என்னும் ஆங்கில அறிஞரும், அவர் வழிவந்த டி. எஸ். வெங்கட்ராமனும் இனிப்பு மிகுந்த கரும்பையும் நாணல் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கரும்பையும் கலந்து விதையிலிருந்து புதிய இனங்களை எழுப்பினர். 1918-இல் வெளியிடப்பெற்ற கோ 205 என்னும் கரும்பு வட இந்தியாவின் வயல்களில் சிறந்து விளைந்தது. விதை புதியதைப் படைத்தது. கரணை அதனை மாறாமற் பெருக்கியது. ஒருவரும் மதிக்காத காட்டுக் கரும்பு வயலுக்கு வலிமை தந்தது. உருளைக்கிழங்கிற்கு இத்தகைய பணியைச் செய்யும் நிலையம் ஒன்று பெரு நாட்டின் லீமா நகரில் 1971 முதல் இயங்கி வருகிறது. அன்னாசியிலும் ஹவாய் ஆராய்ச்சியாளர் கலப்பினங்களை உருவாக்கினர். அவற்றுள் ஒன்றான எம்.டி.2 என்பது, 1990-களின் பிற்பகுதியிலிருந்து பன்னாட்டுச் சந்தையில் கயேன் இனத்தின் இடத்தைப் பிடித்தது. அதுவும் ஒரே செடியின் படியாகப் பெருக்கப்படுவதே. ஆகவே பழைய எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

வரலாற்றைக் கேட்ட மாணவர்கள் அதனைக் கையாலும் கற்கலாம். நன்கு முதிர்ந்த, நடுவிலைகள் பசுமையாகவுள்ள அன்னாசிக் கொண்டையைத் திருகி எடுங்கள். ஒட்டிய சதையை நீக்குங்கள், நீக்காவிட்டால் அழுகும். கீழிலைகளை இரண்டு விரற்கிடை உயரத்திற்கு உரித்துவிட்டு, இரண்டு மூன்று நாட்கள் நிழலில் உலர்த்துங்கள். பின்னர் மணல் கலந்த மண்ணில், குருத்துக்குள் மண் புகாதபடி நடுங்கள். நீர் தேங்குதல் கூடாது, வெயில் வேண்டும். சில வாரங்களில் வேர் பிடிக்கும். பூப்பதற்குப் பொறுமை வேண்டும். கொண்டையிலிருந்து பழம் காண இரண்டு ஆண்டளவு ஆகும். தொட்டியில் மேலும் தாமதமாகலாம். பழமும் சிறிதாக இருக்கும்.

பூக்காமல் நின்றால் ஒரு வழியுண்டு. 1874-ஆம் ஆண்டில் அசோர்ஸ் தீவுகளில், கண்ணாடி வீட்டுள் புகை சூழ்ந்தபோது அன்னாசிச் செடிகள் ஒருசேரப் பூத்ததைக் கண்டனர். புகையிலுள்ள எத்திலீன் என்னும் வாயுவே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பழுக்கும் வாழையும் ஆப்பிளும் அவ்வாயுவை வெளிவிடுகின்றன. நன்கு வளர்ந்த செடியருகே கனிந்த பழத்தை வைத்துச் சில நாட்கள் உறையால் மூடிவைத்தால் பூ தோன்றக்கூடும். ஒரு முறை பழுத்தபின் தாய்ச்செடி மெல்ல மடியும். அதற்குள் பக்கக் கன்றுகள் வெடித்திருக்கும்.

இஞ்சியும் மஞ்சளும் முளையுள்ள துண்டை மண்ணிலிட்டால் வளரும். புதினாத் தண்டு நீரிலேயே வேர்விடும். முளைவிட்ட சேப்பங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் அவ்வாறே. ஆனால் காரட்டின் தலையை நட்டால் கீரை வளருமேயன்றிக் கிழங்கு வாராது. ஒரு முறை தடித்த வேர் மீண்டும் உண்டாவதில்லை. பச்சை நிறங்கொண்ட உருளைக்கிழங்கை உண்ணுதல் தீது, அதில் நஞ்சுண்டு. அதை நடுவதற்குப் பயன்படுத்தலாம். எதை நட்டாலும் ஒரே செடியோடு நில்லாமல் பலவற்றை நடுங்கள். ஒரு செடியின் இலையில் நோய் கண்டால் அதன் கன்றை எடுக்காதீர்கள். நாடுகள் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடத்தை ஒரு தொட்டியில் நீங்கள் எளிதாகக் கற்கலாம்.

நட்ட நாளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். முதல் வேர் கண்ட நாள், புதிய இலை விரிந்த நாள், செந்நிறப் பூங்கொத்து தலை காட்டிய நாள் ஆகியவற்றையும் எழுதுங்கள். பழம் பழுத்தபின் அதன் கொண்டையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். பெயரறியாத பழங்குடி உழவர் ஒருவர் தென் அமெரிக்காவில் தம் அயலாருக்குக் கொடுத்த ஒரு கன்று, அவ்வாறு கைம்மாறிக் கைம்மாறித்தான் உங்கள் வீடுவரை வந்திருக்கிறது.